தகவல் தொழில்நுட்பத் துறையும் நம் இளைஞர் தலைமையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)

    

காவிரி பாயும் இத்தஞ்சைத் தரணியில் நெல்லை விளைவித்தவர்கள் நம் முன்னோர்கள். ஆனால் களத்தில் அந்நெல்லை அளந்த மரக்கால் அவர்கள் கையில் இருந்ததில்லை. உழைத்தவர் ஒருவர், அளந்தவர் மற்றொருவர் என்பதே பண்ணையாள் முறையின் சாரம் ஆகும். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவுகட்ட வழிகோலியது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆயினும் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுப் போராட்டத்தின் விளைவாகக் கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. அதன் பின்னரே, 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் பிறந்தது. அளவையைத் தீர்மானிக்கும் உரிமை எத்துணை அரியது என்பதை நம்மினும் நன்கறிந்தவர் யார்?

இந்த நினைவோடுதான் தகவல் தொழில்நுட்பத் துறையை நாம் நோக்க வேண்டும். இன்று மரக்கால் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. யாருக்குக் கடன் வழங்கலாம், யாரை வேலைக்கு அழைக்கலாம் என்பதை மென்பொருள் அளந்து சொல்லும் காலம் இது. அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க ஒரு மென்பொருளை உருவாக்கியது. அதற்குப் பயிற்சியாக அளிக்கப்பட்ட பத்தாண்டு விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே அது பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டது. நிறுவனம் அதனைக் கைவிட நேர்ந்தது. 2018இல் வெளியான இச்செய்தி நமக்கு ஒரு பாடம். இயந்திரத்திற்குத் தனியே சாதியோ பாலோ இல்லை. ஆனால் பழைய பாகுபாடு அதற்குள் இறங்கிவிடும். அதனைக் கண்டுபிடித்துத் திருத்தும் இடத்தில் நம்மவர் அமர்ந்திருக்க வேண்டாவா?

2000ஆம் ஆண்டில் சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. 2024இல் நம் தஞ்சாவூரிலேயே சிறிய டைடல் பூங்கா ஒன்று திறக்கப்பட்டது. ஆகவே இத்துறையின் வாயில் நமக்குத் தொலைவில் இல்லை. தொலைவில் இருப்பது அதன் மேல்மாடியே.

இங்கு ஓர் உண்மையை இளைஞர்கள் தெளிவாக உணர வேண்டும். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடருக்குரிய 18 விழுக்காடு இட ஒதுக்கீடு கல்லூரி வாயில்வரை நம்மைக் கொண்டு சேர்க்கிறது. அரசமைப்பின் 16ஆம் விதி அரசுப் பணிகளில் நமக்குத் துணை நிற்கிறது. ஆனால் தகவல் தொழில்நுட்பத் துறை பெரும்பாலும் தனியார் கையில் உள்ளது. அங்கு இட ஒதுக்கீடு இல்லை. பேராசிரியர்கள் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரே தகுதியுடைய விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தனர். தலித் பெயர் தாங்கிய விண்ணப்பங்களுக்கு அழைப்புக் குறைவாகவே வந்தது. தகுதி ஒன்றே போதும் என்பார்க்கு இதுவே விடை. தகுதியும் வேண்டும், அத்தகுதியைக் காண மறுக்காத கண்களும் தேர்வு மேசைக்குப் பின்னால் வேண்டும்.

வேலை கிடைத்தால் போதாதா என்று பெற்றோர் கேட்பது இயல்பே. குறுவை நடவு நடக்கும் நாளில்தான் கல்லூரிக் கட்டணமும் வந்து நிற்கிறது. மகனோ மகளோ விரைவில் சம்பாதிக்க மாட்டார்களா என்ற ஏக்கம் நியாயமானது. ஆயினும், கதிர் அறுக்கும் இயந்திரம் வயலில் இறங்கியபோது யாருடைய வேலை நாள்கள் குறைந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். அரிவாள் பிடித்த கைகளே முதலில் ஓய்ந்தன. அதுபோலவே, செயற்கை நுண்ணறிவு வளர வளர, சொன்னதைச் செய்யும் கீழ்நிலைப் பணிகளே முதலில் அசைகின்றன. முதல் படியிலேயே நின்றுவிடுவது பாதுகாப்பு ஆகாது.

அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியாவுக்குச் சென்றார். பின்னர் இலண்டனிலும் பயின்றார். அந்த உயர்கல்வியைத் தம் முன்னேற்றத்தோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். கற்றவர் கற்பிக்கும் அமைப்பைக் கட்டுவதே தலைமை என்பது அவர் வாழ்வு காட்டும் நெறி.

அந்நெறியில் நாம் செய்யத்தக்கவை சில. பத்தாம் வகுப்பு முடித்தவுடன், கணிதம் கடினம் என்று அஞ்சி அப்பாடப் பிரிவை விட்டுவிடலாகாது. பொறியியற் கல்லூரியின் கதவு அன்றே சாத்தப்படுகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்குப் பொறியியல் படிப்பில் 7.5 விழுக்காடு முன்னுரிமை 2021 முதல் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பை வீட்டிலிருந்தே பயிலலாம். நம் மாணவர்க்குக் கட்டணச் சலுகையும் உண்டு. பட்டம் பெற்றவர்கள் கேட் தேர்வு எழுதி முதுநிலைப் படிப்பையும் ஆராய்ச்சியையும் நாட வேண்டும். வெளிநாட்டு உயர்கல்விக்கு அரசின் உதவித்தொகைகள் இருக்கின்றன. பெண் மக்களை நகரத்து விடுதிக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளுக்குச் சங்கத்தார் நேரில் சென்று துணைநிற்றல் வேண்டும்.

முன்னே சென்றவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பிறர் தம் உற்றாரைப் பரிந்துரைக்கும் துறையில், நம்மவர் ஒதுங்கி நிற்பது அடக்கம் ஆகாது. பணியில் உள்ள ஒவ்வொருவரும் இரண்டு மாணவரை ஏற்று, நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி அளித்து, காலியிடங்களை அறிவித்து, ஆங்கிலத்தில் அச்சமின்றிப் பேசப் பழக்கினால், சட்டம் தராத துணையைச் சங்கம் தந்ததாகும். பெயரையும் ஊரையும் மறைத்து வாழ வேண்டிய நிலை நம் பிள்ளைகளுக்கு வேண்டா. 2023இல் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடை செய்தது. பேசத் துணிந்தவர்களால்தான் அது நிகழ்ந்தது.

இளைஞர்களே! தேர்வு மேசையின் முன்னே நின்று விடை கூறும் தகுதியை நீங்கள் பெற்றுவருகிறீர்கள். இனி அம்மேசையின் பின்னே அமர்ந்து, நேர்மையான கேள்வி கேட்கும் தகுதியையும் பெறுங்கள். அந்த இருக்கையில் அமரும் நாளில், யாருக்கும் குறைத்து அளவாதீர்கள். பொன்விழா மலரில் அத்தகைய தலைவர்களின் உரைகள் இடம்பெற வேண்டும் என வாழ்த்தி அமைகிறோம்.