நிலக்கரியும் யாகத் தீயும்

(திருச்சிராப்பள்ளிக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நிலக்கரி. இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தில் யாகமென்று சொல்லி நெய்யையும் சமித்தையும் தீயிலிட்டால், அவை தேவர்களுக்குப் போய்ச் சேருவதாகப் புரோகிதர் சொல்லுகிறார். உண்மையில் எங்கே போகின்றன? 12 பங்கு கரி 32 பங்கு பிராணவாயுவோடு கூடி 44 பங்கு கரியமில வாயுவாகிறது. நெய்யிலுள்ள ஜலவாயு நீராவியாகிறது. மிஞ்சுவது சாம்பல். அத்தனையையும் பிடித்து நிறுத்துப் பார்த்தால், தேவர்களுக்கென்று ஒரு குன்றிமணி எடைகூடக் குறைந்திராது.

தீ என்பது பிராணவாயு வேகமாகக் கூடுவதுதான். அதே வேலையை மெதுவாக நடத்தி, நடுவழியில் நிறுத்தினால் என்ன ஆகும்? பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, நைட்ரிக் அமிலத்தோடோ ஹைட்ரஜன் பெராக்சைடோடோ அளவான சூட்டில் வைத்தால், அது சாம்பலாவதில்லை. முதலில் ஹியூமிக் அமிலங்கள் பெருகுகின்றன. மேலும் போனால் பென்சீன் கார்பாக்சிலிக் அமிலங்களும் ஆக்சாலிக் அமிலமும் வருகின்றன. இவற்றில் சில சாயத்துக்கும் பிசினுக்கும் மூலப்பொருள்களாகும். கை தப்பினால் எல்லாம் கரியமில வாயுதான். கலந்து வருவதைப் பிரிப்பதும் கஷ்டமே. அந்தக் கஷ்டத்துக்கு மந்திரம் உதவாது. படிப்பும் பொறுமையும்தான் உதவும்.

நமக்கு நிலக்கரிக்குப் பஞ்சமா? 1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்புப் பொருளொன்று வெளிவந்தது. அவர் அதற்குக் கற்பூரம் காட்டி உண்டியல் வைக்கவில்லை, சர்க்காருக்குத் தெரிவித்தார். 1956இல் கம்பெனி ஏற்பட்டது. 1961இல் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி தட்டுப்பட்டது. உண்டியல் வைத்திருந்தால் இன்று அங்கே ஒரு கோவில்தான் இருந்திருக்கும்.

பயிருக்கென்று ஹியூமிக் அமிலம் இன்று புட்டியில் விற்கிறார்கள். கடைக்காரர் சொல்லுகிறாரென்று நம்பாதீர்கள். நாம் சொல்லுகிறோமென்றும் நம்பாதீர்கள். ஒரே மண், ஒரே விதை, ஒரே தண்ணீரில் இரண்டு பாத்தி போட்டு, ஒன்றில் விட்டு, மற்றொன்றில் விடாமல், விளைச்சலை நிறுத்துப் பாருங்கள். அதுதான் பகுத்தறிவு.

ஆகவே தோழர்களே, யாகத்துக்குப் பணம் கேட்டு வருகிறவர்களிடம் தராசைக் காட்டுங்கள். அந்தப் பணத்தில் உங்கள் பெண்ணையும் பிள்ளையையும் ரசாயனம் படிக்க வையுங்கள்.