கோபத்துக்குள் ஒளிந்திருக்கும் துயரம்

அமெரிக்காவில் டெரி ரியல் என்று ஒரு மனநல ஆலோசகர். ஆண்களின் மனச்சோர்வைப் பற்றி 1997-இல் புத்தகம் எழுதியவர். சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கி வளர்ந்தவர். பெரியவரான பிறகு அந்த அப்பாவையே மெல்ல மெல்லப் பேசவைத்தார். அப்பாவும் சிறுவயதில் நொறுங்கிப் போனவர்தான் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆண்களின் சோர்வு பல நேரம் அழுகையாக வராது. எரிச்சல், குடி, ஓயாத வேலை என்று வேஷம் போட்டு வரும் என்கிறார் ரியல். ஆலோசனைக்கு வருகிறவர் சொல்வதற்கெல்லாம் ரியல் தலையாட்ட மாட்டார். வந்தவர் தன் மனைவியிடம் நடந்துகொள்வது தவறென்றால் முகத்துக்கு நேரே சொல்வார். ஆனால் ஆளை அவமானப்படுத்த மாட்டார். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

உங்கள் வீட்டிலும் எரிந்து விழும் அப்பாவோ அண்ணனோ இருந்தால், இன்று பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய சின்ன வயதுக் கதையைக் கேளுங்கள்.