எந்தப் படியில் நின்றது?



மின்வாகனம் என்று மாநாடு கூட்டினால் பேட்டரியைப் பற்றிப் பேசுவோம். அதன் வேதியியல், ஆயுள், விலை என்று பேச்சு நீளும். நேரம் மிஞ்சினால் மோட்டாருக்கு வருவோம். இக்கருத்தரங்கிலோ, சார்ஜர் கன்னும் வண்டியின் போர்ட்டும் சந்திக்கும் ஒரு சாண் இடத்துக்கு ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின் ஸ்கூட்டர்கள் உருவாகின்றன. தூத்துக்குடியில் 2025இல் மின்கார் ஆலை திறக்கப்பட்டது. வண்டி செய்யும் மாநிலமாகிவிட்டோம். அந்த வண்டியின் நோயைக் கண்டறியத் தெரிந்தவர்களையும் நாம்தான் உருவாக்க வேண்டும். அந்த வகையில் இன்றைய பொருளைத் தேர்ந்தெடுத்தவர்களைப் பாராட்டுகிறேன்.

"சார்ஜ் ஏறவில்லை" என்று வருபவருக்கு என்ன நடக்கிறது? சர்வீஸ் சென்டரில் சார்ஜரைக் குறை சொல்கிறார்கள். சார்ஜர் நிறுவியவர் வண்டியைக் கைகாட்டுகிறார். வீட்டுக்கு வயரிங் செய்த எலெக்ட்ரீஷியன் இ.பி. லைனில் வோல்டேஜ் சரியில்லை என்கிறார். இவர்களில் யாரும் பொய் சொல்வதில்லை. அவரவர் பக்கத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. நோய் இருப்பது யாருக்கும் சொந்தமில்லாத எல்லையில். அதனால் கடைசியில் உறுப்பு மாற்றும் படலம் தொடங்குகிறது: முதலில் கேபிள், பிறகு போர்ட், அதன்பின் வண்டிக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர். எனக்குத் தெரிந்த ஒரு காரில் ஆன்போர்டு சார்ஜரையே மாற்றினார்கள். கோளாறு அப்போதும் தீரவில்லை. கடைசியில் பார்த்தால், போர்ட்டின் பின்புறம் ஒரு மெல்லிய கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாமல் இருந்தது. அந்தக் குடும்பம் கட்டிய பில் தொகை எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இந்த மேடையில் நான் வலியுறுத்த விரும்புவது இதுதான்: சார்ஜ் ஏறுவது ஒரே செயல் அன்று, வரிசையான பல படிகள். எந்தப் படியில் நின்றது என்று அறிந்தால் கோளாறு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். அதை அளந்து எழுதாமல் எந்த உறுப்பையும் கழற்றக் கூடாது.

அந்தப் படிகளை நமக்குக் காட்டுவது கன்ட்ரோல் பைலட் என்னும் ஒற்றைக் கம்பி. வைத்தியர் மணிக்கட்டில் நாடி பார்ப்பதுபோல நாம் முதலில் கை வைக்க வேண்டிய இடம் அது. அமெரிக்காவின் ஜே1772 தரத்திலும் ஐ.இ.சி. 61851 தரத்திலும் இதன் இலக்கணம் ஒன்றுதான். வண்டி இல்லாதபோது சார்ஜர் அந்தக் கம்பியில் 12 வோல்ட் வைத்திருக்கும். கன்னைச் செருகியதும் வண்டிக்குள் இருக்கும் 2,740 ஓம் மின்தடை அதை 9 வோல்ட்டுக்கு இறக்கும். சார்ஜர் உடனே வினாடிக்கு 1,000 துடிப்புகளை அனுப்பத் தொடங்கும். துடிப்பின் மேல்முனை 9 வோல்ட், கீழ்முனை மைனஸ் 12 வோல்ட். துடிப்பின் அகலத்திலேயே மின்னோட்டத்தின் எல்லை அடங்கியிருக்கிறது: 26.7 விழுக்காடு என்றால் 16 ஆம்பியர், 53.3 விழுக்காடு என்றால் 32 ஆம்பியர். வண்டி தயாரானதும் இன்னொரு மின்தடையை இணைத்து மேல்முனையை 6 வோல்ட்டுக்குக் கொண்டுவரும். அதன் பிறகுதான் சார்ஜரின் கான்டாக்டர் மூடி, 230 வோல்ட் கன்னுக்குள் வரும்.

ஆக 12 வோல்ட்டிலேயே நின்றால், வண்டி வந்ததே சார்ஜருக்குத் தெரியவில்லை. பைலட் கம்பி அறுந்திருக்கலாம். எர்த் பின் தொடாமல் இருக்கலாம். பைலட்டின் திரும்பும் பாதை எர்த் கம்பிதான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 9 வோல்ட்டில் துடித்துக்கொண்டே நின்றால், சார்ஜர் அழைக்கிறது, வண்டி இன்னும் சம்மதிக்கவில்லை. கன்னைப் பூட்டும் சிறு மோட்டார் சிக்கியிருக்கலாம். வண்டியில் நேரம் குறித்து சார்ஜ் செய்யும் அமைப்பு இயக்கத்தில் இருக்கலாம். 6 வோல்ட் வந்தும் மின்சாரம் வரவில்லை என்றால் சார்ஜரின் கான்டாக்டரைப் பாருங்கள். மின்சாரம் வந்தும் பேட்டரிக்கு ஏறவில்லை என்றால் மட்டுமே ஆன்போர்டு சார்ஜர் மீது சந்தேகப்பட வேண்டும். நம் பணிமனைகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

பின்னில் களிம்பு பிடித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். பைலட்டில் ஓடும் மின்னோட்டம் 6 மில்லி ஆம்பியர் அளவுதான். அவ்வளவு மெல்லிய ஓட்டத்தால் பின்மீது படிந்த ஆக்சைடு படலத்தைத் துளைத்துச் சுத்தமாக்க முடியாது. அந்தப் படலம் 1,000 ஓம் தடையாக வளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி "தயார்" என்று 6 வோல்ட்டுக்கு இழுத்தாலும் சார்ஜரின் முனையில் ஏறக்குறைய 8 வோல்ட் தெரியும். சார்ஜர் அதை "இன்னும் தயாரில்லை" என்று படிக்கும். தடை 400, 500 ஓம் அளவில் இருந்தால் 7 வோல்ட்டை ஒட்டி ஊசலாடும். சார்ஜிங் தொடங்கும், நிற்கும், மறுபடி தொடங்கும். நேற்று ஏறியது, இன்று ஏறவில்லை என்று வாகன உரிமையாளர் சொல்வது கற்பனை அன்று. அவர் சொல்லுக்கு இயற்பியல் சாட்சி இருக்கிறது.

இன்னொரு நுட்பத்தையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வண்டிக்குள் மின்தடையோடு ஒரு டையோடும் வரிசையாக இருக்கிறது. அதனால் நல்ல வண்டியில் துடிப்பின் கீழ்முனை மைனஸ் 12 வோல்ட்டில் அசையாமல் நிற்கும். பின்னில் களிம்பு என்றால் மேல்முனை உயரும், கீழ்முனை மாறாது. கன்னுக்குள் மழைநீரோ உப்பு ஈரமோ புகுந்து பைலட்டும் எர்த்தும் கசிவால் இணைந்தால் இரு முனைகளும் சுருங்கும். டையோடு ஷார்ட் ஆனாலும் கீழ்முனை சுருங்கும். அந்த நிலையில் எதிரே இருப்பது வண்டியா, வெறும் ஈரமா என்று சார்ஜருக்குத் தெரியாது. மின்சாரம் தர மறுத்துவிடும்; மறுப்பதுதான் முறை. திரையில் தோன்றும் ஒரே அலையில் மூன்று நோய்களுக்கான குறிகள் இருக்கின்றன.

இந்த அலையைப் பார்க்க ஆசிலோஸ்கோப் வேண்டும். வெறும் மல்டிமீட்டர் இங்கே ஏமாற்றும். 16 ஆம்பியரில் சரியாக சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும் வண்டியின் பைலட்டை டி.சி. அளவில் வைத்துப் பாருங்கள். மேலும் கீழும் சராசரியாகி மைனஸ் 7 வோல்ட் அளவில் காட்டும். 32 ஆம்பியரில் மைனஸ் 2.4 காட்டும். புத்தகத்தில் 6 என்று படித்தவர் மீட்டரில் மைனஸ் 7ஐப் பார்த்தால், நன்றாக இருக்கும் கம்பியைக் குற்றவாளியாக்கிவிடுவார். வினாடிக்கு 1,000 துடிப்பு என்பது மிக மெதுவான அலை. மலிவான கையடக்க ஸ்கோப்பே போதும். பக்கத்துப் பின்களில் 230 வோல்ட் இருக்கும் என்பதால் கம்பியை நேராகக் குத்திப் பார்க்காமல், இடையில் செருகும் சோதனைப் பெட்டி வழியாகவே அளக்க வேண்டும். பாலிடெக்னிக்குகளிலும் ஐ.டி.ஐ.களிலும் இவ்விரண்டும் இருக்க வேண்டும். பேட்டரி மாதிரி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு முன் இவற்றை வாங்குங்கள்.

அடுத்து எர்த். இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உயிர் போகும் விஷயம் இது. நம் வீடுகளில் கரியும் உப்பும் போட்டு மூடிய எர்த் குழிகள் கோடையில் காய்ந்துவிடுகின்றன. பல பழைய வீடுகளில் எர்த் கம்பி சுவிட்ச் பெட்டியோடு நின்றுவிடும். ஃபிரிட்ஜும் கிரைண்டரும் இதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். மின்காரோடு வரும் சார்ஜர் கண்டுகொள்ளும். சிவப்பு விளக்கு எரிய, சார்ஜ் தர மறுக்கும். அது கோளாறு இல்லை, எச்சரிக்கை. ஆனால் அந்த விளக்கை அணைக்க சில எலெக்ட்ரீஷியன்கள் என்ன செய்கிறார்கள்? சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறார்கள். விளக்கு பச்சையாகிறது, வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. பிறகு ஒரு நாள் கம்பத்திலோ மீட்டரிலோ நியூட்ரல் விட்டுப்போகிறது. வீட்டில் ஓடும் கருவிகள் வழியாக பேஸ் மின்னழுத்தம் அந்த நியூட்ரலுக்கு ஏறி, துண்டு வயர் வழியே காரின் உலோக உடலுக்கு வந்துவிடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் கதவைத் தொடுவார். சார்ஜர் பெட்டிக்குள் இருந்து கசிவைக் கண்காணிக்கும் ஆர்.சி.டி. பெரும்பாலும் இதை உணராது. அந்தக் கசிவு அது கண்காணிக்கும் இரு கம்பிகள் வழியே போவதில்லை.

பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தால், துண்டு வயர் இருந்தாலும் எரியும். அதை நம்ப வேண்டாம். அதே சாக்கெட்டில் பெரிய லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட் இருப்பது இயல்பு. லோடு ஓடியும் பூஜ்யமே காட்டினால் உள்ளே துண்டு வயர் இருக்கிறதா என்று மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். ஐ.எஸ். 3043 என்ற எர்த்திங் விதிநூல் நம்மிடம் இருக்கிறது. அதன்படி எர்த் டெஸ்டரால் அளந்து புதிய எர்த் போடுவதுதான் ஒரே வழி. துண்டு வயர் வைப்பவரின் உரிமத்தைப் பறிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிற்பகல் அமர்வில் அதற்கென்றே ஒரு கட்டுரை இருக்கிறது. 200 ஆம்பியர் ஓடும் டி.சி. கன்னில் ஒரு பின்னின் தொடர்பில் 1 மில்லி ஓம் தடை இருந்தால் அந்த இடத்தில் 40 வாட் வெப்பம் பிறக்கும். போர்ட்டில் உள்ள வெப்ப உணரி அதைக் கண்டு மின்னோட்டத்தைக் குறைக்கும். பிழைக் குறி எதுவும் வராமல் போகலாம். "மெதுவாக ஏறுகிறது" என்ற புகார் மட்டும் வரும். தேய்ந்த கன் ஒன்று அடுத்தடுத்து வரும் வண்டிகளின் போர்ட்டைக் கெடுக்கும். கெட்ட போர்ட் அடுத்த ஊரின் கன்னைக் கெடுக்கும். வீட்டில் 15 ஆம்பியர் சாக்கெட்டின் கதையும் இதுவே. கீசர் கால் மணி நேரம் இழுக்கும் அதே மின்னோட்டத்தை வண்டி இரவு முழுக்க இழுக்கிறது. லூஸான சாக்கெட் கருகாமல் என்ன செய்யும்?

விரைவு சார்ஜிங்கில் படிகள் இன்னும் கூடுகின்றன. சி.சி.எஸ். 2 முறையில் பைலட் துடிப்பின் அகலம் 5 விழுக்காடாகச் சுருங்கும். "இனி எண்களில் பேசுவோம்" என்பதற்கான குறி அது. அதே கம்பியின் மீது உயர் அதிர்வெண்ணில் தரவு ஓடும். எந்த சார்ஜரோடு இணைந்திருக்கிறோம் என்பதைச் சமிக்ஞையின் வலிமையை வைத்து வண்டி முதலில் உறுதி செய்துகொள்ளும். பிறகு வண்டியும் சார்ஜரும் அளவுகளைப் பரிமாறி, கன்னைப் பூட்டி, காப்புச் சோதனை செய்து, பேட்டரியின் மின்னழுத்தத்துக்கு நெருக்கமாகச் சார்ஜரை உயர்த்தி, அதன்பின் கான்டாக்டரை மூடும். காப்புச் சோதனையில் நின்றால் ஈரத்தையும் கேபிளையும் பாருங்கள். முதல் சில வினாடிகளில் அடையாளம் காணும் படியிலேயே நின்றால் பைலட், எர்த் தொடர்புகளையும் இரு பக்க மென்பொருளையும் பாருங்கள்.

இவ்வளவு படிகள் இருந்தும் நம் கைக்கு வரும் பதிவு என்ன? சார்ஜரும் மைய சர்வரும் பேசும் ஓ.சி.பி.பி. 1.6 நெறியில் வண்டியோடு பேச்சு முறிந்தால் "வாகனத் தொடர்புப் பிழை" என்ற ஒரே பெயர். அதற்கும் பொருந்தாவிட்டால் "பிற பிழை". பல நோய்களுக்கு ஒரே பெயர் வைத்துவிட்டு மருந்து தேடச் சொல்கிறோம். பதிவு சொல்லாததை நேரில் சென்றால்தான் அறிய முடியும். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் டேவிட் ரெம்பெல் குழுவினர் 181 பொது விரைவு சார்ஜிங் நிலையங்களுக்கு நேரில் சென்று 657 இணைப்புகளைச் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்தவை 72.5 விழுக்காடு. 4.9 விழுக்காட்டில் கேபிள் நீளம் போதாமல் வண்டியை எட்டவே இல்லை. மையத் திரையில் பார்த்துக் கண்டறிய முடியாத உண்மை இது. கன்னைச் செருகிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. நம் நெடுஞ்சாலைகளிலும் அப்படி ஒரு கணக்கெடுப்பு வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் அதைச் செய்யலாம்.

வண்டி செய்யும் நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். சார்ஜிங் எந்தப் படியில் நின்றது என்பதை வண்டியின் திரையிலேயே, எந்தப் பணிமனையும் படிக்கும்படி காட்டுங்கள். உங்கள் சர்வீஸ் கருவியில் மட்டும் தெரியும்படி பூட்டி வைக்காதீர்கள். சிறு ஊர்களில் வண்டியைத் தொடப்போவது உங்கள் ஆட்கள் அல்லர்.

கட்டுரையாளர்களுக்கும் ஒன்று சொல்வேன். எந்த உறுப்பை மாற்றினோம் என்பதோடு நிறுத்தாதீர்கள். நின்ற படி, துடிப்பின் இரு முனைகள், அதன் அகலம், எர்த் அளவு, மழையா வெயிலா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொழில்நுட்பர்கள் தங்களிடம் வந்த கோளாறுகளை இதே வரிசையில் தமிழில் எழுதித் தர வேண்டும். மாலை அமர்வு முடிவதற்குள் அவற்றைத் தொகுத்து, ஒரு பொதுப் பதிவுத் தாளின் முதல் வரைவை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டு இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.