ஜீப்பின் முனகலுக்குக் காது கொடுங்கள்



1821-ல் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவியில் தங்கித்தான் கொடைக்கானல் மேட்டுக்கு ஏறினார். மோட்டார் வந்த பிறகும் பல காலம் வெள்ளகவிக் காபியும் பட்டர் புரூட்டும் தலைச்சுமையாக, குதிரைச்சுமையாக வட்டக்கானல் வரை ஏறித்தான் வண்டியைக் கண்டன. நோயாளியையும் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். அப்படி வியர்வை சிந்தி மேலே வந்து சேரும்போது, காத்திருக்கிற ஜீப் படுத்துக்கொண்டால் என்ன கதி? ஆகையால் ஜீப்பின் டிரான்ஸ்பர் பெட்டியைப் பற்றி இன்று பேசுவோம்.

கியர் பெட்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் டிரான்ஸ்பர் பெட்டி. எஞ்சின் சக்தியைப் பின் அச்சுக்கும், நீங்கள் லீவரைப் போட்டால் முன் அச்சுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது இதன் வேலை. 1940-களின் கடைசியில் மஹிந்திரா கம்பெனி இங்கே பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பிலும், அதன் வழிவந்த பழைய ஜீப்புகளிலும் இது பல்சக்கரப் பெட்டி. ஆகவே லேசான முனகல் இருக்கத்தான் செய்யும். பழகிய முனகலைக் கண்டு பயப்பட வேண்டாம். நேற்று இல்லாத சத்தம் இன்று வந்தால்தான் கவனிக்க வேண்டும்.

சத்தம் வந்ததும் பெட்டியைக் கழற்றாதீர்கள். முதலில் ஆயிலைப் பாருங்கள். சமதரையில் வண்டியை நிறுத்தி, பெட்டியின் பக்கத்தில் உள்ள அளவுத் திருகைக் கழற்றுங்கள். துளையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும். விரலில் தொட்டுப் பாருங்கள். பால் போல் வெளுத்திருந்தால் ஓடையைக் கடந்தபோது தண்ணீர் புகுந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள். பல் துணுக்கு வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

அடுத்து, சத்தம் எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கேளுங்கள். வண்டி நின்றபடி, நியூட்ரலில், கிளச்சை மிதித்தால் சத்தம் அடங்குகிறதா? கோளாறு கியர் பெட்டியில். ஓடும்போது நியூட்ரலில் விட்டாலும், சக்கர வேகத்தோடு கூடிக் குறைகிறதா? பின் பேரிங், ஷாஃப்ட், கிரவுன், சக்கர பேரிங் இவற்றைப் பாருங்கள். இந்தச் சோதனையைச் சமதரையில் மட்டும் செய்யுங்கள். இறக்கத்தில் வேண்டவே வேண்டாம். முன் சக்கரத்தைச் சேர்த்தால் மட்டும் கத்துகிறதா? முன் ஷாஃப்ட்டும் முன் கிரவுனும் சந்தேகத்துக்குரியவை. லோ-வில் மட்டும் அலறுகிறதா? லோ பல்சக்கரம் தேய்ந்திருக்கும். கிளச் விடும்போது "டக்" என்றால் ஷாஃப்ட்டின் கிராஸ் ஆடுகிறது. எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கையால் திருகிப் பார்த்தாலே தெரிந்துவிடும். லீவர் தானாக நழுவினால் கயிறு போட்டுக் கட்டுகிறவர்கள் உண்டு. அது வைத்தியமல்ல, பல்லோ ஸ்பிரிங்கோ போயிருக்கிறது, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

இனி முக்கியமான விஷயம். பாதிப் பெட்டிகள் தேய்வதற்குக் காரணம் பெட்டியல்ல, லீவர் பிடிக்கிற கைதான். நாலு சக்கரத்தையும் சேர்த்தால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே கட்டாகச் சுழலும். வளைவிலோ முன் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். சேற்றில் என்றால் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடமேது? அந்த முறுக்கு முழுவதும் பல்சக்கரத்திலும் கிராஸிலும் ஏறும். ஸ்டீயரிங் கனக்கும், டயர் தேயும், லீவர் சிக்கிக்கொள்ளும். அப்போது சுத்தியலைத் தேடாதீர்கள். நேராகச் சில அடி பின்னுக்கு எடுங்கள், முறுக்கு அவிழும், லீவர் வந்துவிடும். புது டயரை முன்னுக்கும் மொட்டை டயரைப் பின்னுக்கும் போட்டாலும் இதே முறுக்குத்தான். நாலும் ஒரே அளவில் இருக்கட்டும். இன்று வருகிற மஹிந்திரா தார் வண்டிக்கும் இதே சட்டம்தான்.

ஆகவே சேறு, மணல், சரளை, ஈரப்புல் என்றால் சேருங்கள். தார் ரோடு ஏறியதும் எடுத்துவிடுங்கள். சேற்றில் புதைந்த பின் சேர்ப்பதைவிட, சேற்றைக் கண்டதுமே சேர்ப்பது நல்லது. லோ-வை வண்டியை நிறுத்திவிட்டுப் போடுங்கள். பழைய ஜீப்பில் லோ ஏறக்குறைய இரண்டரைப் பங்கு. ஹை-யில் மணிக்கு 10 கிலோமீட்டர் போகிற எஞ்சின் வேகத்தில் லோ-வில் 4 கிலோமீட்டர்தான் போகும். சுமையோடு மண் பாதையில் இறங்கும்போது அதுதான் உங்கள் பிரேக். கிளச்சை மிதித்துக்கொண்டு மட்டும் இறங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, மனசில் வையுங்க. டிரான்ஸ்பர் லீவர் நியூட்ரலில் இருந்தால், முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது, உருண்டுவிடும். சரக்கு ஏற்றுகிறவர்கள் வண்டிக்குப் பின்னால்தானே நிற்கிறார்கள்! ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்த பிறகே சரக்கில் கை வையுங்கள்.