கடல் சூடும் ஹரிகேன் சீசனும்: பிள்ளைகளிடம் போனில் என்ன கேட்க வேண்டும்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவின் ஹரிகேன் பற்றி எதற்குப் பேச்சு என்று சிலர் நினைக்கலாம். 2024 அக்டோபர் 10 விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். மில்டன் என்ற ஹரிகேன் ஃபுளோரிடாவில் கரையேறியபோது நமக்குக் காலை ஆறு மணி. அந்த இரவு நம் வளாகத்தில் சில வீடுகளில் விளக்கு அணையவே இல்லை. ஒரு வீட்டில் மகள் டாம்பாவில், இன்னொரு வீட்டில் மகன் ஆர்லாண்டோவில். "பத்திரமாக இரு" என்பதைத் தவிர வேறு என்ன சொல்வதென்று பெற்றோருக்குத் தெரியவில்லை. அவர்களுக்காகத்தான் இந்தப் பேச்சு.

முதலில் சீசன். அட்லாண்டிக் ஹரிகேன் சீசன் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. வெயில் உச்சத்தில் இருப்பது ஜூன், ஜூலையில்தானே, பிறகு ஏன் செப்டம்பர்? பெரிய அண்டாவில் தண்ணீர் வைத்தால் உடனே சூடாவதில்லை. கடலும் அப்படித்தான். கோடை முழுக்க வெயிலை வாங்கி வாங்கி, ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும்தான் அது நன்றாகச் சூடேறுகிறது.

அந்தச் சூடுதான் புயலுக்கு எரிபொருள். கடல் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. சூடான கடலிலிருந்து ஆவி எழும்பி, மேலே போய்க் குளிர்ந்து மேகமாகும்போது தன் வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம் காற்றை மேலே தள்ள, கீழே அழுத்தம் குறைய, சுற்றிலுமுள்ள காற்று உள்ளே பாய்கிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமக்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். மழை கொட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மேற்பரப்பு மட்டும் சூடாக இருந்தால் போதாது. புயல் கடலைக் கலக்கிவிடும்போது அடியிலிருக்கும் குளிர்ந்த நீர் மேலே வந்து, புயலின் பலத்தைக் குறைக்கும். பல பத்து மீட்டர் ஆழம் வரை வெதுவெதுப்பாக இருந்தால் அந்தத் தடையும் இல்லை. மெக்சிகோ வளைகுடாவில் 'லூப் கரண்ட்' என்ற நீரோட்டம் அப்படிப்பட்ட ஆழமான சூட்டைக் கரீபியனிலிருந்து கொண்டுவருகிறது. 2005-ல் கத்ரினா அதன் மீது போனபோதுதான் கேட்டகரி 5 வரை ஏறியது. மில்டனும் இதே வளைகுடாவில் ஒரு நாளுக்குள் கேட்டகரி 1-லிருந்து 5-க்குப் போனது. "நேற்று சாதாரணப் புயல்தான் என்றார்களே" என்று நாம் திகைத்ததற்கு இதுதான் காரணம்.

சூட்டை எப்படிக் கண்காணிக்கிறார்கள்? மேற்பரப்பைச் செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. ஆழத்துக்கு 'ஆர்கோ' என்ற மிதவைகள். உலகக் கடல்களில் ஏறத்தாழ 4,000 மிதவைகள், பத்து நாளுக்கு ஒரு முறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பத்தையும் உப்பையும் அளந்துகொண்டே மேலே வந்து, செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்புகின்றன. புயல் உருவான பிறகு விமானங்கள் அதன் கண்ணுக்குள்ளேயே பறந்து, கருவிகளைக் கீழே போடுகின்றன. எல்லாத் தகவலும் மியாமியிலுள்ள தேசிய ஹரிகேன் மையத்துக்குப் போகிறது.

கடல் சூடாக இருந்தால் நிறைய புயல் வரும் என்று நேர்க்கணக்குப் போட முடியாது. மேலே ஒரு திசையிலும் கீழே வேறு திசையிலும் காற்று வீசினால் புயலின் தலை சாய்ந்து குலைந்துவிடும். சகாரா பாலைவனத்திலிருந்து வரும் வறண்ட காற்றும் அதை அமுக்கும். பசிபிக்கில் எல் நினோ இருக்கும் ஆண்டுகளில் அட்லாண்டிக் மேல் அந்தக் குறுக்குக் காற்று கூடுவதால், அங்கே புயல் குறைவது வழக்கம். 2023-ல் எல் நினோ இருந்தது. ஆனாலும் அட்லாண்டிக் இதுவரை காணாத அளவு சூடாக இருந்ததால், பெயரிடப்பட்ட புயல்கள் 20 வந்தன. அடுத்த ஆண்டு கதை வேறு. கடல் சூடாகவே இருந்தும், 2024 ஆகஸ்ட் கடைசியில் சில வாரங்கள் புதுப் புயலே இல்லை. அதன் பிறகுதான் ஹெலீனும் மில்டனும்.

ஒவ்வொரு மே மாதமும் அமெரிக்க அரசின் நோவா அமைப்பு, இந்த சீசனில் இத்தனை புயல் வரலாம் என்று கணிப்பு வெளியிடும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகமும் 1984 முதல் கணிப்பு தருகிறது. 1991 முதல் 2020 வரையிலான சராசரி 14 புயல்கள்; அவற்றில் 7 ஹரிகேன்; அதிலும் 3 பெரியவை. இந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் நம்மில் பலர் "இந்த வருஷம் மோசமாம்" அல்லது "பரவாயில்லையாம்" என்று பேசிக்கொள்கிறோம். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். 1992 மிக அமைதியான சீசன். முதல் பெயர் வைக்கவே ஆகஸ்ட் பாதியைத் தாண்டிவிட்டது. அந்த முதல் புயல்தான் ஆண்ட்ரூ. ஆகஸ்ட் 24 அன்று கேட்டகரி 5 பலத்துடன் தெற்கு ஃபுளோரிடாவை நாசமாக்கியது. 2010-ல் 12 ஹரிகேன்கள். ஒன்றுகூட அமெரிக்காவில் கரையேறவில்லை. 2025-ல் அமெரிக்கக் கரையை எந்த ஹரிகேனும் தொடவில்லை. ஜமைக்காவுக்கோ அதே ஆண்டு அக்டோபர் 28 அன்று மெலிசா கேட்டகரி 5-ஆக வந்து சேர்ந்தது.

டிவியில் காட்டும் கூம்பு வடிவப் படத்தையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். புயலின் மையம் அந்தக் கூம்புக்குள் போக மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். மழையும் வெள்ளமும் கூம்புக்குள் அடங்கும் என்று அர்த்தமில்லை. ஹெலீன் ஃபுளோரிடாவில் கரையேறியது. ஆனால் 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, மலைப்பகுதியான ஆஷ்வில்லில் வெள்ளம் ஊரையே அடித்துப்போனது. அந்தப் புயலில் மொத்தம் 250 பேர் வரை இறந்தார்கள். இது நமக்குப் புதிதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது இங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் வடக்கே, ஆந்திராவின் பாபட்லா அருகே. சென்னைதான் தண்ணீரில் கிடந்தது.

கேட்டகரி எண்ணும் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்லும். 2024 ஜூலையில் பெரில் ஹூஸ்டன் பக்கம் வந்தபோது வெறும் கேட்டகரி 1. ஆனால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. கடும் வெயிலில் பல நாள் ஏசி இல்லாமல் மக்கள் தவித்தார்கள்.

ஆகவே, அடுத்த சீசனில் பிள்ளைகளிடம் பேசும்போது எத்தனை புயல் என்று கேட்க வேண்டாம். இந்த நான்கைக் கேளுங்கள்.

ஒன்று: "உன் வீடு எந்த வெளியேற்ற மண்டலத்தில் இருக்கிறது?" ஃபுளோரிடாவில் கடலோரப் பகுதிகளை ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள். கிளம்பச் சொல்வது அந்த எழுத்தை வைத்துத்தான். அங்கே புயலில் பெரும்பாலான உயிர்கள் போவது தண்ணீரால். காற்று இரண்டாம் பட்சம்.

இரண்டு: "வெள்ளத்துக்குத் தனி இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?" அங்கே சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸில் வெள்ளச் சேதம் வராது. அரசுத் திட்டத்தில் சேர்ந்தாலும் வழக்கமாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு ஓடினால் பயனில்லை. ஏப்ரல், மே மாதமே கேளுங்கள்.

மூன்று: "கரண்ட் ஒரு வாரம் இல்லையென்றால் எங்கே போவாய்?" மாத்திரை, குழந்தைக்கான பால் பவுடர், கையில் ரொக்கம், காரில் பெட்ரோல் எல்லாம் இதில் அடங்கும்.

நான்கு: "ஜெனரேட்டரை எங்கே வைப்பாய்?" வீட்டுக்குள்ளோ கராஜிலோ வைத்து, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடால் தூக்கத்திலேயே இறந்தவர்கள் ஒவ்வொரு பெரிய புயலுக்குப் பின்னும் உண்டு. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது.

கடைசியாக ஒன்று. பூமி சூடாவதால் புயல்களின் எண்ணிக்கை கூடிவிடும் என்று விஞ்ஞானிகள் உறுதியாகச் சொல்லவில்லை. பலமான புயல்களின் பங்கு கூடும், மழை கூடும், பலம் வேகமாக ஏறும் என்றுதான் சொல்கிறார்கள். யோசிக்கக் கிடைக்கும் நேரம் குறையும் என்று அதை எடுத்துக்கொள்ளலாம். நம் வங்கக் கடலிலும் புயல் வேலை செய்யும் விதம் இதுவேதான். அட்லாண்டிக்கை அமைதிப்படுத்தும் எல் நினோ, நம் வடகிழக்குப் பருவமழையைப் பெரும்பாலும் கூட்டும். 2015 நமக்கு மறக்காது. அங்கே அவர்களுக்கு நல்ல வருஷம் என்று கேள்விப்பட்டால், இங்கே நம் சம்ப்பையும் மழைநீர் வடிகாலையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

அந்த அக்டோபர் காலையில் டாம்பாவிலிருந்த மகள் பத்திரமாக இருந்தாள். இரண்டு நாள் முன்னாலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை, பயப்படுவார் என்று. இனிமேல் நாம் சரியான கேள்வியைக் கேட்டால், அவர்களும் மறைக்காமல் சொல்வார்கள்.