குறுக்கு வலிக்குப் படிவம் இல்லை



நவம்பர் 21, மீனவர் தினம். இந்த மேடையில் டீசல் மானியம் பேசிவிட்டார்கள், எல்லைப் பிரச்சினையும் பேசிவிட்டார்கள். பேச வேண்டியவைதான். நான் எலும்பு வைத்தியம் பார்க்கிறவன். எனக்குத் தெரிந்தது உங்கள் குறுக்கு, உங்கள் தோள், உங்கள் முட்டி. அதைப் பேசிவிட்டு இறங்கிக்கொள்கிறேன்.

விபத்தில் ஒரு மீனவர் இறந்தால், அல்லது நிரந்தரமாக முழு ஊனமானால், அரசின் விபத்துக் காப்பீட்டில் 5 லட்சம் ரூபாய். பகுதி ஊனம் என்றால் இரண்டரை லட்சம். வின்ச்சில் கை சிக்கினால் அது விபத்து. சரி, இருபது வருஷம் வலை இழுத்தவர் நாற்பத்தைந்து வயதில் குனிய முடியாமல் கரையேறுகிறாரே, அதை எந்தப் படிவத்தில் எழுதுவது? அதற்குப் படிவமே கிடையாது. நாமும் "வாயுப் பிடிப்பு" என்று சொல்லி எண்ணெய் போட்டு நீவிக்கொள்கிறோம். பங்குக்கும் கூலிக்கும் கடலுக்குப் போகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை கிடையாது, இன்னாரிடம் வேலை செய்தேன் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

விசைப்படகுத் தளத்தில் என்ன நடக்கிறது? கடலுக்குப் போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். வலையின் மடியைத் தூக்கி அவிழ்த்துக் கொட்டுகிறார்கள். இறால், கணவாய், நண்டு, கழிசல் எல்லாம் ஒரே குவியல். சுற்றிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முதுகை வளைத்து, கை ஓயாமல் பிரிக்கிறார்கள். அடுத்த மடி மேலே வருவதற்குள் இது முடிந்தாக வேண்டும். முடிந்ததும் பெட்டியைத் தூக்கி மீன் அறைக்குள் இறக்க வேண்டும், ஐஸை உடைத்து வாரிப் போட வேண்டும். கரையில் நிற்கிறவர் முதுகுக்குப் பாரம் தூக்கும்போதுதான் வேலை. படகில் சும்மா நின்றாலும் வேலைதான். தளம் ஆட ஆட, விழாமல் நிற்க இடுப்புத் தசையும் தொடைத் தசையும் இறுகிக்கொண்டே இருக்கும். களைத்துப்போன தசையால் முதுகெலும்பைத் தாங்க முடியாது. பாரம் முழுக்க எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் தட்டில் இறங்கும். தட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி பிட்டத்தில் தொடங்கிக் கணுக்கால் வரை இறங்கும்.

எல்லாம் தோதாக அமைந்தாலும், ஒருவர் தூக்கும் பாரம் 23 கிலோவைத் தாண்டக் கூடாது என்று அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. குனிந்தாலோ திரும்பினாலோ அதுவும் குறையும். நம் ஐஸ் பார் ஒன்று எவ்வளவு இருக்கும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியும்.

ஃபைபர் படகில் போகிறவர்களுக்குக் கதை வேறு. அலையில் எகிறி விழும் ஒவ்வொரு அடியும் இடுப்பில்தான் இறங்குகிறது. மீன் விற்கும் தாய்மார்களைச் சொல்லவே வேண்டாம். அன்னக்கூடையைத் தலையில் ஏற்றித் தெருத்தெருவாக நடக்கிறார்கள், கருவாட்டைப் பரப்ப நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறார்கள். முட்டி வீங்கி, பஸ் படி ஏற முடியாத நிலைக்கு வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

அதுவரை எதை நம்பி ஓட்டுகிறோம்? மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரையைத்தான். கடலுக்குப் புறப்படும்போதே அட்டை அட்டையாக வாங்கிப் போகிறார்கள். தம்பிகளே, வெயிலில் வேர்த்து, தண்ணீரும் சரியாகக் குடிக்காத உடம்பில் தினமும் அந்த மாத்திரை போட்டால் வயிறு புண்ணாகும், சிறுநீரகமும் கெடும். வலி தெரியாததால் அதே பாரத்தை இன்னும் தூக்குவீர்கள். எனக்கு அதுதான் பெரிய பயம்.

மீன்பிடித் தொழிலாளர்களுக்காக 2007-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது. மூன்று நாளைக்கு மேல் கடலில் நிற்கும் படகில் ஒவ்வொருவருக்கும் 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்கிறது அது. நம் படகுகளில் அந்தப் பத்து மணி நேரம் யாருக்குக் கிடைக்கிறது? படகை ஓட்டும் ஸ்ராங்கே தூங்குவதில்லை!

உரிமையாளர்கள் என்மேல் கோபப்படாமல் கேட்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். படகைக் கரையேற்றிச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறீர்கள். அதே 61 நாளில் ஆட்களின் முதுகையும் பார்த்துவிடலாம். ஏலக்கூடத்தில் இடம் கொடுங்கள். அங்கே மருத்துவ முகாம் நடத்த நானும் என் நண்பர்களும் வருகிறோம். பஞ்சாயத்தார் மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் ஊரே வரும்.

இன்னும் இரண்டு காரியம் உங்கள் கையில் இருக்கிறது. பெரிய பெட்டியை விட்டுவிட்டு, கைப்பிடி வைத்த பாதி அளவுப் பெட்டிக்கு மாறுங்கள். மீன் பிரிக்க, தளத்தில் இடுப்பு உயரத்துக்கு விளிம்பு கட்டிய ஒரு மேசை போடுங்கள். மேசை போட்டால் வலை எங்கே வைப்பது என்று பின்வரிசையில் ஓர் அண்ணன் சிரிக்கிறார். அண்ணே, மடக்கி வைக்கிற மாதிரி செய்யலாம். நாளைக் காலையில் உங்கள் படகுக்கே வருகிறேன், தச்சரையும் வரச் சொல்லுங்கள், அளந்து பார்த்துவிடுவோம்.