பாங்கொக்கில் கற்ற இனிப்புப் பன்றி இறைச்சி

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், மதிய உணவுக்கு முன்னர் பழைய மாணவியர் இருவர் சேர்ந்து ஆற்றிய உரை)



வெளிநாட்டில் கற்ற ஒரு சமையலைச் செய்து காட்டிப் பேசுங்கள் என்று செயற்குழு கேட்டது. நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டது தாய்லாந்து மக்களின் ‘மூ வான்’. மூ என்றால் பன்றி, வான் என்றால் இனிப்பு. முன்வரிசையில் இரண்டு அக்காமார் முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. பன்றி இறைச்சி தொடாதவர்களுக்காகக் கோழியில் செய்த சட்டி ஒன்று, தனி அகப்பையோடு, அடுத்த மேசையில் இருக்கிறது. ஆகவே பயப்படாமல் கேளுங்கள்.

2010 ஆம் ஆண்டில் எங்கள் இரு குடும்பங்களும் பாங்கொக்கில் ஒரே அறையில் இருந்தோம். பள்ளியில் பத்து வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள், அங்கே ஒரே பாயில் படுத்தோம். 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் தாய்லாந்து கைச்சாத்திடவில்லை. கையில் ஐக்கிய நாடுகளின் கடதாசி இருந்தாலும் வேலை செய்ய அனுமதி இல்லை. தெருவில் இறங்கினால் நெஞ்சு பதறும். எந்த நாடு எடுக்கும், எப்போது எடுக்கும் என்று தெரியாது. அறையில் ஒரு காஸ் அடுப்பு, ஒரு தாச்சி. குளிர்ப்பெட்டி இல்லை. சோறும் பருப்பும், பருப்பும் சோறும்.

அடுத்த அறையில் தையல் வேலை செய்யும் ஒரு தாய்லாந்துப் பெண்மணி இருந்தார். நாங்கள் அவரை ‘பா’ என்று கூப்பிடுவோம். அவர்கள் மொழியில் அது பெரியம்மா முறை. ஒருநாள் எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு கோப்பை மூ வான் கொண்டு வந்து தந்தார்.

எங்களில் ஒருத்தியின் வீட்டில் நத்தாருக்குப் பன்றி இறைச்சி காய்ச்சுவது வழக்கம். மற்றவள் பன்றி இறைச்சி படியேறாத வீட்டில் வளர்ந்தவள். ஆனால் பிள்ளைகள் கோப்பையை வழித்து நக்கிய பிறகு அவளால் என்ன சொல்ல முடியும்? அடுத்த கிழமை வந்த கோப்பையிலிருந்து அவளும் ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தாள். ஊரிலிருக்கும் அம்மாவுக்கு இதை இன்றுவரை சொல்லவில்லை. இந்த மலர் அவர் கைக்குப் போனால் தெரிந்துவிடும். தெரியட்டும்.

நாங்களே சமைக்கத் தொடங்கியபோது முதலில் செய்தது பெரும் பிழை. இறைச்சியில் இனிப்பா என்று மனம் கேட்கவில்லை. மிளகாய்த் தூளை அள்ளிப் போட்டு, இனிப்பைப் பாதியாகக் குறைத்து, நல்லதொரு பிரட்டலாக்கிப் பாவுக்குக் கொடுத்தோம். முகம் கோணாமல் சாப்பிட்டார். மறுநாள் காலை தன் கல் உரலைத் தூக்கிக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினார்.

அந்த உரலில் இடிப்பது மூன்றே பொருட்கள்: கொத்தமல்லி வேர், உள்ளி, வெள்ளை மிளகு. வேர் மூன்று, உள்ளி ஐந்து பல்லு, மிளகு ஒரு தேக்கரண்டி. கொத்தமல்லியின் இலையைக் கிள்ளி எடுத்துவிட்டு வேரை எறிவதுதானே எங்கள் வழக்கம். அன்றைக்குத்தான் அதன் பெறுமதி விளங்கியது. வேர் கிடைக்காவிட்டால் தண்டின் அடிப்பகுதி போதும்.

பிறகு அவர் ஒரு பையை அவிழ்த்தார். மணந்து பார்த்துவிட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பனங்கட்டி! தாய்லாந்தில் தென்னஞ் சர்க்கரையும் உண்டு. ஆனால் இது பெட்சபுரி மாகாணத்தின் பனையிலிருந்து வந்தது. பனஞ் சர்க்கரைக்கு அந்த ஊர் பேர்போனது. எங்கள் குட்டான் பனங்கட்டியைவிட நிறம் வெளிறியது, வாசனை அதே வாசனை. தாய் மொழியில் சீனிக்கே பெயர் ‘நாம் தான்’. நாம் என்றால் நீர், தான் என்றால் பனை. சந்தையில் யாரோ ‘நாம் தான்’ என்று சொல்ல, நம்மூர் ஆள் போலும் என்று நாங்கள் திரும்பிப் பார்த்ததும் உண்டு.

இனி அடுப்புக்கு வருவோம். கொழுப்போடு கூடிய தோள் இறைச்சி அரைக் கிலோ, மெல்லிய துண்டுகளாக. தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, இடித்ததை வாசனை வரும்வரை வதக்குங்கள். 100 கிராம் பனங்கட்டியைச் சீவிப் போட்டு, மெல்லிய நெருப்பில் உருக்குங்கள். நுரைத்து நிறம் மாறும் அந்த நேரத்தில் தொலைபேசியை எடுக்க வேண்டாம். கருகினால் கசக்கும், பிறகு எதைப் போட்டும் திருத்த முடியாது. உடனே இறைச்சியைப் போட்டுப் பிரட்டி, மீன் சோஸ் இரண்டு மேசைக்கரண்டி, கறுத்த சோயா சோஸ் ஒரு மேசைக்கரண்டி, தண்ணீர் ஒரு கோப்பை. உப்பு வேண்டாம், மீன் சோஸே உப்புத்தான். சீவிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடியைப் போட்டு, முக்கால் மணி நேரம்வரை மெல்ல வேக விடுங்கள். பாகு கரண்டியில் ஒட்டும் பதத்துக்குச் சற்று முன்பே இறக்க வேண்டும். ஆறும்போது தானாக இறுகும். காலையும் மாலையும் சூடாக்கி, குளிர்ப்பெட்டி இல்லாமலே அதை அடுத்த நாளுக்கும் வைத்திருந்தோம். அன்று எங்களுக்கு அது பெரிய காரியம். இப்போது நீங்கள் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

இதைத் தனியே அள்ளிச் சாப்பிட்டால் திகட்டும். இறால் விழுதில் பிரட்டிய சோற்றின் ஓரத்தில் வைத்து, சீவிய புளி மாங்காய், முட்டைப் பொரியல், பொரித்த காய்ந்த இறால், பச்சை வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாவற்றையும் சேர்த்து, தேசிக்காய் பிழிந்து சாப்பிடுவது அவர்கள் முறை. இனிப்பு எதற்கென்று அந்த மாங்காய் பல்லில் கூசும்போதுதான் புரியும்.

இரண்டு வருடத்தின் பின் எங்களுக்குப் பயணத் திகதி வந்தது, ஒரு சித்திரை மாதத்தில். அவர்களுக்கும் அப்போதுதான் புத்தாண்டு. பா ஊருக்குப் போயிருந்தார். உரல் எங்களிடமே இருந்தது. கடிதம் வைக்கலாமென்றால் தாய் எழுத்துத் தெரியாது. உரலைக் கழுவித் துடைத்து, மீதியிருந்த பனங்கட்டியை அதற்குள் வைத்து, அவர் கதவடியில் விட்டுவிட்டு வாகனத்தில் ஏறினோம். விமானத்தில்தான் ஒன்று உறைத்தது: அவருடைய பெயரை நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. பா, பா என்றே இரண்டு வருடம் போய்விட்டது.

பேச்சு நீண்டுவிட்டது, சட்டி ஆறுகிறது. இடப்பக்கம் பன்றி, வலப்பக்கம் கோழி. அகப்பையை மாற்றிப் போடாதீர்கள். மாங்காய் கொஞ்சம்தான் இருக்கிறது, பின்வரிசைக்கும் விட்டு எடுங்கள்.